நிக்க வச்ச பாட்டில்

ரத்தத்தைப் பாத்து ஒதுங்காதீங்க சார். உக்காருங்க. உங்க வேட்டியில படாது, நான் கையை ஜன்னல் பக்கமாத் தூக்கிப் பிடிச்சுக்கிறேன். கம்பத்துல ஒரு டாக்டரு துணியைச் சுத்திவிட்டு, நரம்பு அறுந்திருக்கு, தேனி பெரியாஸ்பத்திரிக்கு வெரசாப் போன்னு அனுப்பிட்டாரு. வலியெல்லாம் ஒண்ணும் பெருசா இல்ல. வயித்தெரிச்சல்தான் பெருசா இருக்கு.

நீங்க தேனிதானே போறீங்க? அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். பஸ்ஸை விட்டு இறங்குனதும் என்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து ஒரு வார்த்தை சொல்லணும். யாருய்யா வெட்டினதுன்னு கேப்பாங்க. இப்படிக் கிழிஞ்ச கையோட போய் நின்னா கேக்காம விடமாட்டாங்க, போலீசுக்கு எழுதணும்ல. நான் சொல்லுவேன், என் தம்பி சுருளி வெட்டினான்னு. சுருளிவேல். நீங்க பக்கத்துல நின்னு ஆமான்னு தலையை ஆட்டினாப் போதும்.

வெட்டினானான்னு கேக்குறீங்களா? வெட்டல. அவனாவது, வெட்டுறதாவது. அந்தத் தைரியம் அவனுக்கு இருந்திருந்தா நான் ஏன் இந்த பஸ்ல உக்காந்திருக்கேன்? வெட்டல, ஆனா வெட்டினான்னுதான் சொல்லப்போறேன். ஏன்னு கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் முழிங்க.

என் பேரு பொம்மையன். கம்பத்துக்கு மேக்க, மலை அடிவாரத்துல காடு. நான் சண்டைக்காரன் இல்ல சார். ஊர்ல அப்படி ஒரு பேச்சு உண்டு, அதை நம்பாதீங்க. என் வாழ்க்கையில நான் காரணமில்லாம ஒருத்தனையும் அடிச்சது கிடையாது.

எங்கப்பன் செத்ததும் காட்டை ரெண்டாப் பிரிச்சோம். கோயில்ல வச்சு சீட்டுப் போட்டாங்க. எனக்கு விழுந்தது மேலக்காடு, பூராம் கல்லு. மம்பட்டி போட்டா நெருப்புத்தான் வரும். அவனுக்கு விழுந்தது கீழக்காடு. வாய்க்காலுக்குப் பக்கத்துல, வெண்ணெய் மாதிரி களிமண்ணு. சீட்டை மடிச்சது யாருங்கறீங்க? சுருளிதான் மடிச்சான். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?

அந்த வாரமே வாய்க்கால்ல தண்ணி திருப்பப் போனேன். அவன் வந்து நின்னான். மம்பட்டிக் காம்பால ஒண்ணு போட்டேன், தோள்பட்டை எலும்பு ரெண்டாப் போச்சு. அதோட பேச்சு வார்த்தை நின்னுபோச்சு, பத்தொம்பது வருசம். அதுக்கும் அவன் கேஸு குடுக்கல பாத்துக்கங்க. மரத்துலேருந்து விழுந்துட்டேன்னு வைத்தியரு கிட்ட சொல்லியிருக்கான். அப்பவே எனக்கு உறுத்துச்சு. அடிச்சது நானு, பேரு மரத்துக்கா?

பஸ்ஸு எங்க வந்திருக்கு? உத்தமபாளையமா? சரி, நேரம் இருக்கு.

அப்புறம் பன்னெண்டு வருசத்துக்கு முன்னால ஜெரோம்னு ஒருத்தரு வந்தாரு. புதுச்சேரிக்காரரு. பிரான்சுல போர்தோன்னு ஒரு பக்கம் இருக்காம், அங்க போயி ஒயின் போடுறது படிச்சிட்டு வந்தவரு. ஒரு ஒயினு கம்பெனியில சொல்லி, அதே மாதிரி சிவப்பு ஒயினு இங்ஙன போடணும்னு பள்ளத்தாக்கு பூராம் குழி தோண்டித் தோண்டிப் பாத்தாரு. என் காட்டுல ஒரு கல்லை எடுத்து மோந்து பாத்துட்டு, "பொம்மையன் அண்ணே, இந்தக் கல்லுக்காகத்தான் நான் நாலு ஜில்லா சுத்தினேன்"னாரு.

அன்னைக்கு நான் ஆடின ஆட்டம் இருக்கே! நேரா வரப்புல போயி நின்னுக்கிட்டு, "டேய், சீட்டை மடிச்சியே, இப்பப் பாத்தியாடா"ன்னு கீழக்காட்டைப் பாத்துக் கத்தினேன். அவன் குனிஞ்சு களை எடுத்துக்கிட்டிருந்தான், நிமிரவே இல்ல. மறுநாள் பாத்தா அந்த ஜெரோம் அவன் காட்டுலயும் நிக்கிறாரு. என்ன சார்னு கேட்டா, உங்க கல்லுக்கு கேபர்னேன்னு ஒரு திராட்சைக் கொடி, தம்பி களிமண்ணுக்கு மெர்லோன்னு ஒரு கொடி, அந்த ஊர் ஒயினுக்கு ரெண்டும் வேணுங்குறாரு. எனக்கு அப்பவே ரத்தம் தலைக்கு ஏறுச்சு. ஆனாலும் பொறுத்துக்கிட்டேன். நான் பொறுமைசாலி.

பழைய திராட்சைப் பந்தலைப் பிரிச்சோம். கம்பி கட்டிக் கொடியை வரிசையா ஏத்தினோம். மூணாம் வருசம் நல்லாக் காய்ச்சுச்சு. அப்ப வந்து அந்தாளு சொல்றாரு, கொத்துல பாதியை வெட்டிக் கீழ போடுங்கன்னு. பச்சைக் காயி சார்! பாதியை வெட்டினாத்தான் மீதியில சத்து ஏறுமாம். ஆளுகளைக் கூட்டிட்டு வந்து அவரே வெட்ட ஆரம்பிச்சாரு. பளார்னு ஒண்ணு குடுத்தேன். கண்ணாடி போயி வாய்க்கால்ல விழுந்துச்சு. மனுசன் இறங்கித் தடவி எடுத்து, துடைச்சு மாட்டிக்கிட்டு, மறுபடியும் வெட்டுறாரு! சுருளி மாதிரிதான், அடிச்சா திருப்பி அடிக்கத் தெரியாத ஆளு. இந்த மாதிரி ஆளுகளோட எப்படிப் பழகுறதுன்னு எனக்குத் தெரியல.

பிழிஞ்சு, நொதிக்க வச்சு, பீப்பாயில ஊத்தினாங்க. மலைக்குள்ள குடைஞ்ச அறை, உள்ள போனா எலும்பு வரைக்கும் குளிரும். ஓக்குன்னு ஒரு மரத்துல செஞ்ச பீப்பாய்ங்க, கப்பல்ல வந்தது. என் காட்டு ஒயினு இடது பக்கம், அவன் காட்டு ஒயினு வலது பக்கம். வாரா வாரம் நான் போயி என் பீப்பாயைத் திறந்து பாப்பேன். வாரா வாரம் குறைஞ்சிருந்துச்சு சார். ரெண்டு விரக்கடை, மூணு விரக்கடை. ஜெரோம் வேற ஒயினை எடுத்து ரொப்பிக்கிட்டே இருப்பாரு. எங்கய்யா போகுதுன்னா, மரம் குடிக்குது அண்ணே, கொஞ்சம் காத்துல போயிரும், ரொப்பாம விட்டா கெட்டுப்போகுங்குறாரு. மரம் ஒயினு குடிக்குதுன்னா நம்புறதுக்கு நான் என்ன கிறுக்குப்பயலா? காவக்காரனைப் பிடிச்சுச் சுவத்தோட சாத்தி ரெண்டு போட்டேன். ரெண்டு பல்லு வந்துருச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, மரம் குடிக்கிறது நெசந்தானாம். சரி, பல்லு போனது போனதுதான். வெத்தலை வாங்கிக் குடுத்தேன்.

சிரிக்காதீங்க. இனிமேதான் இருக்கு.

பீப்பாயில ஒரு வருசம் ஆனதும், ருசி பாக்குறதுக்குன்னு பெங்களூர்லேருந்து நாலு பேரு வந்தாங்க. ஊரே வந்து நின்னுச்சு. நான் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். காலையில கொடியைக் கவாத்து வெட்டிட்டு நேரா வந்ததால இடுப்புல கவாத்துக் கத்தரி இருந்துச்சு. வேணும்னு எடுத்துட்டுப் போகல, அது எப்பவும் இருக்குறதுதான்.

முதல்ல என் பீப்பாயிலேருந்து கிளாசுல எடுத்தாங்க. வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுப் பாக்குறாங்க, சுத்துறாங்க, மூக்கை உள்ள விட்டு மோந்து பாக்குறாங்க. பென்சில் சீவுன வாசம் வருதுன்னு ஒருத்தன் சொல்றான். என் காட்டுல எவன் பென்சில் சீவுனான்? பொறுத்துக்கிட்டேன். வாயில ஊத்தி, காத்தை உள்ள இழுத்து, சுர்ரு சுர்ருன்னு வாயைக் கொப்புளிக்கிறாங்க. ஒருத்தன் மூஞ்சி கடுக்காயைக் கடிச்ச மாதிரி சுருங்குது. அப்புறம் என்ன பண்ணினாங்க தெரியுமா? கீழ ஒரு வாளி வச்சிருந்தாங்க. துப்பினாங்க. ஒருத்தன் பின்னால ஒருத்தன், நாலு பேரும், என் காட்டை, என் மூஞ்சிக்கு முன்னால, காறித் துப்பினாங்க.

ருசி பாக்குறவன் முழுங்கமாட்டான், துப்புறதுதான் முறை, சுருளியோடதையும் துப்பத்தான் செஞ்சாங்கன்னு என் பொஞ்சாதி குருவம்மா இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கா. நான் பாக்கல. நான் பாக்காதது எப்படி நடந்திருக்கும்? அவனோடதைக் குடிச்சிட்டு, ஆகா, என்ன மெத்துனு இருக்குன்னாங்க. அதை மட்டும் கேட்டேன்.

அப்புறம் எனக்குக் கண்ணு தெரியல. வாளியைத் தூக்கி முதல்ல துப்பினவன் தலையில கவுத்தேன். அவன் சட்டையைப் பிடிச்சேன். கத்தரி கைக்கு வந்துருச்சு. அவன் காதை நறுக்கணும்னுதான் நினைச்சேன், பொய் சொல்லமாட்டேன். அப்ப குறுக்க ஒரு கை வந்துச்சு. கத்தரியைத் தடுத்துப் பிடிக்கிற மாதிரி, ரெண்டு விரலு அதோட வாய்க்குள்ள.

இங்ஙனதான் நீங்க கவனமாக் கேக்கணும். கவாத்துக் கத்தரி சும்மா மூடாது. உள்ள சுருள்கம்பி இருக்கும், அதுவா விரிஞ்சுதான் நிக்கும். கையை இறுக்கினாத்தான் மூடும். நான் நிமிந்து பாத்தேன். சுருளி. என் மூஞ்சிக்கும் அவன் மூஞ்சிக்கும் ஒரு சாண் தூரம். அவன் கைதான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் இறுக்கினேன்.

மோதிர விரலும் சுண்டு விரலும். இடது கை. ஒரு விரலு தரையில கிடந்துச்சு, இன்னொண்ணைக் காணோம். தரை பூராம் ஒயினும் ரத்தமும், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியல. வாளிக்குள்ள இருக்குமோன்னு அந்த ஜெரோம் முட்டி போட்டு, வாளியில மிச்சம் கிடந்த எச்சியைப் பூராம் வடிகட்டுற துணியில ஊத்தித் துழாவிக்கிட்டிருந்தாரு. அதுலதான் கிடைச்சுது. ஐஸ் வச்சு மதுரைக்குக் கொண்டுபோனாங்க. ஒட்டல.

சுருளி ஒரு சத்தம் போடல சார். ஐயோன்னு கத்தியிருக்கலாம், என்னை ஒரு எத்து எத்தியிருக்கலாம். கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு நின்னான். அந்தப் பார்வையை நினைச்சா இப்பவும் எனக்குச் சோறு இறங்காது. அதையும் வெளியில சொல்றதில்ல, உங்ககிட்டச் சொல்றேன்.

நான் ஓடி ஒளியல. நேரா ஸ்டேஷனுக்குப் போயி உக்காந்தேன். கத்தரியைத் துண்டுல சுத்தி மேசையில வச்சேன். நான்தான் என் தம்பியை வெட்டினேன், எழுதிக்கங்கன்னேன். ஜெயிலுக்குப் போறதுக்குத் துணிமணியெல்லாம் குருவம்மா கிட்ட எடுத்துக் கொண்டாரச் சொல்லிட்டேன். இன்ஸ்பெக்டரு மதுரைக்கு ஆளு அனுப்பி அவன்கிட்ட வாக்குமூலம் வாங்கிட்டு வந்து, என்னைக் கூப்பிட்டுச் சொல்றாரு. "யோவ், உன் தம்பி பீப்பாய் உருட்டும்போது இரும்புப் பட்டையில விரல் மாட்டிக்கிச்சுங்குறான். எழுந்திரிச்சுப் போ."

எப்படி இருக்கும் எனக்கு? சொல்லுங்க. ஊரு பூராம் பாத்திருக்கு. பெங்களூர்க்காரனுக விட்டாப் போதும்னு ஓடிட்டாங்க, ஊர்க்காரன் எவனும் வாயைத் திறக்கல. நான் ஸ்டேஷன்ல கத்துறேன், நான்தான்யா வெட்டினேன், தெரிஞ்சு வெட்டினேன்னு. கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டாங்க. ஒரு மனுசன் இன்னொரு மனுசனை வெட்டினா, வெட்டினான்னு ஒத்துக்கணுமா இல்லையா? அவன் போலீசு கிட்ட என்னைக் காட்டிக் குடுத்திருந்தா அஞ்சு வருசமோ ஏழு வருசமோ உள்ள இருந்துட்டு, சுத்தமா வெளிய வந்திருப்பேன். இப்ப பாருங்க, ஏழு வருசமா வெளியிலயே இருக்கேன். தெருவுல போறவன் வர்றவன் எல்லாம், உன் தம்பி தங்கமான மனுசன்யாங்குறான். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு என் காது புண்ணாப் போச்சு. அந்த நன்மை எனக்கு வேணும்னு நான் கேட்டேனா?

சின்னமனூரா? சரி. இன்னும் கொஞ்சந்தான்.

அந்தச் சமயத்துல ஜெரோம் வந்தாரு. ரெண்டு காட்டு ஒயினையும் கலந்து பாட்டில்ல அடைக்கப்போறேன் அண்ணே, உங்களோடது எலும்பு, தம்பியோடது சதை, தனித்தனியா இருந்தா ரெண்டும் நிக்காதுன்னாரு. கலந்தே, உன்னைக் கொன்னு அந்தப் பீப்பாயிலயே போட்டு மூடிருவேன்னேன். மனுசன் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. அப்புறம் ஒரு நாளு ஆளுக்கொரு பாட்டிலு குடுத்தாரு, எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. ஏழு வருசம் திறக்கக் கூடாது, இப்ப இருக்குற துவர்ப்பு அடங்க அத்தனை வருசம் ஆகும். படுக்க வச்சே வைக்கணும், குளிர்ச்சியான இடத்துல, இருட்டுல, அசைக்காம. தக்கை நனைஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் காத்துப் போகாதுன்னு ஒருக்காவுக்கு மூணு தடவை சொன்னாரு.

சுருளி கிணத்தடி அறையில ஈர மணலைக் கொட்டி, அதுல புள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி படுக்க வச்சிருக்கானாம். குருவம்மா வந்து சொன்னா. அதைக் கேட்டதும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? என் பாட்டிலை நிக்க வச்சேன். அடுப்பங்கரைக்கு மேல பரண்ல, வர்றவன் போறவன் கண்ணுல படுற மாதிரி, நட்டமா நிக்க வச்சேன். என் கல்லுல விளைஞ்சது எதுக்குப் படுக்கணும்? அது என்ன சீக்காளியா? அவன் படுக்க வைப்பான். ஒரு மனுசன் விரலை வெட்டினாக்கூடப் படுத்துக்கிறவன்தானே அவன். வீட்டுக்கு யாரு வந்தாலும் எடுத்துக் காட்டுவேன், குலுக்கிக் காட்டுவேன், பாருய்யா நிக்கிறதைன்னு. ஏழு வருசம் நின்னுச்சு.

இன்னைக்குக் காலையிலதான் திறந்தோம். ஜெரோம் ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டாரு. அதே குகை அறை. வேற ஆள் யாருமில்ல. சுருளி கூடையில ஈரச் சாக்கை விரிச்சு, படுக்க வச்சபடியே கொண்டு வந்திருந்தான். என் பாட்டிலைத்தான் முதல்ல திறக்கணும்னு சொன்னேன், நான் மூத்தவன்ல. தக்கையில திருகாணியைச் செருகினதுமே பொலபொலன்னு உதிந்துச்சு, மரத்தூளு மாதிரி. ஊத்துனாரு. சிவப்பாவா இருந்துச்சு? செங்கல் கழுவுன தண்ணி. வாடை முன்னாடியே வந்துருச்சு. காடி சார். புளிச்சுப்போன சுத்தக் காடி. ஜெரோம் வாயில வச்சாரு, திரும்பித் துப்பினாரு. அவரை அடிக்கணும்னு கை போச்சு. நானும் வாயில வச்சேன். நானும் துப்பினேன்.

அப்புறம் அவன் பாட்டிலைத் திறந்தாரு. தக்கை முழுசா வந்துச்சு, அடியில கருஞ்சிவப்பா ஊறிப்போயி. கிளாசுல ஊத்தி எனக்கும் ஒண்ணு குடுத்தாரு. கொப்புளிச்சு அவன் மூஞ்சியில துப்பணும்னுதான் வாங்கினேன். அந்த எண்ணத்துலதான் வாயில ஊத்தினேன்.

எப்படிச் சொல்றது சார்? முதல்ல நாவப்பழம். அப்புறம் பழைய சுருட்டுப் பெட்டியைத் திறந்தா வருமே, அது. பென்சில் சீவுன தூளு, ஆமா, அந்தக் களவாணி சொன்னதேதான். அதெல்லாம் போகப் போக, மேலக்காட்டுல சித்திரை வெயில்ல கொதிச்ச கல்லுல முதல் தூறல் விழுந்தா ஒரு வாடை வரும். அது உலகத்துல வேற எங்கயும் வராது. அது வந்துச்சு. துவர்ப்பும் இருந்துச்சு, ஆனா கடிக்கல. அடியில என்னமோ மெத்துனு தாங்கிப் பிடிச்சிருந்துச்சு. முழுங்கிட்டேன். துப்பணும்னு வாங்கினதை முழுங்கிட்டேன்.

முழுங்கின மறு நிமிசம் சுருளி கழுத்து என் கையில இருந்துச்சு. திருட்டுப்பயலே, இது என் காடுடா, என் ஒயினை மாத்தி எடுத்துக்கிட்டியாடான்னு சுவத்தோட வச்சு நெரிக்கிறேன். அவன் கண்ணு பிதுங்குது, கையைத் தூக்கல. ஜெரோம் என் முதுகுல குத்துறாரு. முதல் தடவையா அந்தாளு கையை ஓங்கினாரு. "விடுங்கண்ணே, ரெண்டு பாட்டில்லயும் ஒரே ஒயினு! அறுபது உங்க காடு, நாப்பது அவர் காடு! கலந்துதான் அடைச்சேன்! நீங்க நிக்க வச்சுக் கெடுத்ததும் இதேதான்!"

கை தானா விட்டுப்போச்சு. அவன் கழுத்தைத் தடவிக்கிட்டு இருமுறான். நான் என் பாட்டிலை எடுத்துப் பீப்பாய்ப் பட்டையில ஓங்கி ஒரே அடி. கழுத்து மட்டும் கையில மிஞ்சுச்சு. அதை அவன் கையில திணிச்சேன், அந்த மூணு விரலு இருக்குற கையில. "வெட்டுடா. ரெண்டு விரலுக்கு ரெண்டு விரலு எடுத்துக்க. ஏழு வருசமா என்னைக் கொல்லாமக் கொல்றியேடா, வெட்டித் தொலைடா"ன்னு நெஞ்சைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். அவன் என்ன பண்ணினான்? விரலை விரிச்சான். கண்ணாடி கீழ விழுந்துச்சு.

நான் குனிஞ்சு எடுத்தேன். கத்தரியை எப்படி இறுக்கினேனோ, அப்படியே கையை இறுக்கினேன். நரம்பு அறுந்தது எனக்குக் கேட்டுச்சு சார்.

அவன்தான் அவன் துண்டை எடுத்துக் கட்டினான். கம்பெனி ஜீப்புல ஏறமாட்டேன்னுட்டேன். அவனே முன்னால நடந்துபோயி ரோட்டுல பஸ்ஸை நிறுத்தினான். கம்பத்துல டாக்டரைப் பாத்துட்டு இந்த பஸ்ல ஏறினப்ப டிக்கெட்டும் அவன்தான் எடுத்தான். அதோ, டிரைவருக்குப் பின்னால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே நீலச் சட்டை, அவன்தான் சுருளி. பாக்காதீங்க, திரும்பிடப் போறான். எனக்குப் பக்கத்துல சீட்டு காலியா இருந்தும் அவன் வரல. அப்புறம்தான் நீங்க வந்து உக்காந்தீங்க.

இப்பப் புரிஞ்சுதா ஏன் சொல்லப்போறேன்னு? வெட்டின என்னை வெட்டாதவனா ஆக்கினான்ல, வெட்டாத அவனை வெட்டினவனா ஆக்குறேன். ஜெயிலுக்குப் போவான், போகட்டும். போயிட்டு வரட்டும். அப்புறம் தங்கமான மனுசன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம். ரெண்டு பேரும் சமமா ஆயிருவோம்ல. சமமா ஆயிட்டா பேசலாம்ல சார்.

நான் என்ன இவ்வளவு சத்தமாவா பேசிக்கிட்டிருக்கேன்? அவன் காதுல விழுந்திருக்குமோ? விழுந்தா விழட்டும்.

இருங்க, கண்டக்டரு வர்றாரு. என்னங்க? ஆமா, ரத்தந்தான். சீட்டுக்கடியில வடியுதா, சரி, கட்டு நனைஞ்சிருச்சு. நான் என்ன பண்ண? கழுவி விட்டுக்கங்க. என்னது, போலீஸ் கேஸா? வீரபாண்டி ஸ்டேஷன்ல நிறுத்துவீங்களா? நிறுத்துங்க, நல்லதாப் போச்சு, அங்ஙனயே சொல்லிடுறேன். யாரு வெட்டினதுன்னுதானே கேக்குறீங்க? சொல்றேன், கேட்டுக்கங்க. இந்தா இவரு சாட்சி. என்னை வெட்டினது...

என்ன? யாரு பேசுறது அங்ஙன?

கேட்டீங்களா சார்? என்ன சொன்னான்? "நான்தான் வெட்டினேன். அவரு எங்கண்ணன்." அப்படியா சொன்னான்? பத்தொம்பது வருசத்துல இன்னைக்குத்தான் அவன் குரலைக் கேக்குறேன், அதுவும் பொய்யி! டேய்! நீ எங்கடா வெட்டினே? கையில திணிச்சேன், கீழ போட்டவன்தானேடா நீ! கண்டக்டரு, அவன் சொல்றதை நம்பாதீங்க. அவனுக்கு இதே வேலை. மரத்துலேருந்து விழுந்தேம்பான், பட்டையில மாட்டிக்கிச்சும்பான், இப்ப வெட்டினேங்குறான். பிறவிப் பொய்யன். ஐயா, எல்லாரும் எதுக்கு அவனை அப்படிப் பாக்குறீங்க? இங்க பாருங்க, என்னைப் பாருங்க. நானே பாட்டிலை உடைச்சேன், நானே பிடிச்சு இறுக்கினேன். எந்த ஸ்டேஷன்லயும் நிறுத்த வேணாம். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன், வலது கை நல்லாத்தான் இருக்கு. சொல்லுங்க சார், நீங்கதானே சாட்சி, உங்ககிட்டத்தானே இவ்வளவு நேரமும் சொல்லிக்கிட்டு வந்தேன். அவன் வெட்டலைன்னு சொல்லுங்க. தலையை ஆட்டினாப் போதும்.

ஆங். போங்க கண்டக்டரு, போயி விசில் ஊதுங்க.

சார், தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் எந்திரிச்சு நின்னுக்கிறீங்களா? தேனி இந்தா வந்துரும். அவன் வந்து இங்ஙன உக்காரட்டும். மூணு விரலை வச்சுக்கிட்டு எம்புட்டு நேரந்தான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான்.